ஸ்லாட் முசியேவும் நூற்றிருபது வரிசைகளும்

உலகத்தில் ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கும் ஒரு பொருளுக்காக மற்ற எல்லாரும் கொஞ்சம் இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டுமா? ஐந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் ஆமாம் என்று தோன்றும். மதியம், பாத்திரம் எல்லாம் தேய்த்து முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, வேண்டவே வேண்டாம் என்று தோன்றும். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

இந்தக் கேள்வியை என் தலைக்குள் செருகிவிட்டுப் போனவர் ஸ்லாட் முசியே. காலாப்பட்டிலிருந்து பாகூர் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அப்படி இன்னொருவர் கிடைக்க மாட்டார். கிடைத்தால், அந்த வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. மின்சார பில்லில் பார்த்திருக்கிறேன். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்து உத்தியோகஸ்தர், தங்கை பிரான்சில், இவர் வீட்டுக்குள்ளேயே சட்டையை பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு நீள ரொட்டியை நெத்திலிக் குழம்பில் தொட்டுத் தின்கிறவர். ஆகவே முசியே, பிரெஞ்சில் ஐயா. ஸ்லாட் என்பது பிறகு ஒட்டியது. மனிதர் கண்ணுக்கு உலகம் முழுக்க ஸ்லாட்டுகளாகத்தான் தெரிந்தது. நான் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் கீழேயிருந்து குரல் வரும்: "மூணாவது கயிறு காலி ஸ்லாட்டும்மா, போட்டுக்க!" டவுன் பஸ்ஸில் ஏறியதும், "கண்டக்டர், உள்ள ஸ்லாட் எத்தினி காலி?" என்பார். "ஏறுய்யா மொதல்ல" என்பார் கண்டக்டர்.

கல்யாணம் ஆகவில்லை. ஐம்பது வயது இருக்கும். மூடிப்போன ஒரு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து, அது மூடியதும் வீட்டோடு இருந்துவிட்டார். அவர் கீழ் வீட்டில், நாங்கள் மாடியில். என் கணவருக்கு சேதராப்பட்டில் ஷிஃப்ட் வேலை. எனக்கு எம்.சி.ஏ. படித்துவிட்டு, இரண்டு வருஷம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துவிட்டு, அப்புறம் எட்டு மாதக் குழந்தை மித்ராவோடு மல்லுக்கட்டும் வேலை. மூன்றிலும் இதற்குத்தான் விடுமுறை கிடையாது.

முசியேவின் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு கணினி இருந்தது. எண்பதுகளில் வெளிநாட்டில் விற்றது. அதைச் செய்த கம்பெனி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. ட்ரங்குப் பெட்டி அளவு. மூடியைத் திறந்தால் உள்ளே ஐந்து ஸ்லாட்டுகள், அதில் செருகிய கார்டுகள். மெமரிக்கு ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். இதெல்லாம் எப்படி வந்தது என்றால், வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் ஒன்றுவிட்ட தம்பியின் சூட்கேசில். மற்றவர்கள் சொந்தக்காரர்களிடம் சென்ட், சாக்லேட் கேட்பார்கள். இவர் பழைய சாமான் சந்தையில் தேடச் சொல்லிக் கடுதாசி போடுவார்.

"ஏர்போர்ட்டுல அந்த ஆபீசர் இத இன்னான்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்லட்டும்?" என்று தம்பி ஒருமுறை கூடத்தில் நின்று கத்தியது மாடிக்கே கேட்டது.

"நெட்வொர்க் கார்டுன்னு சொல்றது."

"சொன்னனே! இது போட்டா எந்த மெஷின்ல வேல செய்யும்னாரு. எங்கண்ணன் மெஷின்லன்னேன். வேற எந்த மெஷின்லன்னாரு. வேற எதுலயும் செய்யாதுன்னேன். பாவமேன்னு விட்டுட்டாரு."

கடல் காற்றின் உப்பு, ஸ்லாட்டுக்குள் இறங்கும் கார்டு விளிம்பின் தங்கப் பற்களை அரித்துவிடும் என்று முசியேவுக்கு நிரந்தர பயம். பென்சில் ரப்பரால் அந்தப் பற்களைத் தினமும் தேய்ப்பார், பல் விளக்குவது போல. உபரி கார்டுகளை ஈரம் படாமல் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார். ஒரு நாள் நான் அவசரத்துக்கு இரண்டு டம்ளர் அரிசி கேட்டு வாங்கிவந்து களைந்தால், கையில் ஸ்க்ரூ ஒன்று தட்டுப்பட்டது. திருப்பிக் கொடுக்கப் போனேன். "இத ரெண்டு நாளா தேடறேன்!" என்று மகிழ்ந்து போனாரே தவிர, சோற்றில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் உப்புமா சாப்பிட்டோம்.

அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிறேனா தெரியவில்லை, முயல்கிறேன். கணினியில் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல் கெர்னல். எந்தக் கார்டைச் செருகினாலும் அதோடு பேச வேண்டியது அதுதான். ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பாஷை. அந்தப் பாஷை தெரிந்த சின்னத் துண்டு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். உலகத்தில் பல ஊர்களில் உட்கார்ந்திருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதும் ஒரு கெர்னலில், நம் முசியே அந்த நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதியிருந்தார். அது உள்ளே சேர்க்கப்பட்டும் இருந்தது. அவர் வாழ்க்கையில் வெளியே சொல்லிக்கொள்ள அந்த ஒன்றுதான்.

அந்தப் பழைய கணினியில் ஓர் அழகான வழக்கம் உண்டு. சுவிட்சைப் போட்டதும் எல்லாக் கார்டுகளும் வாயை மூடிக்கொண்டிருக்கும். முதல் ஸ்லாட்டில் இருப்பதை மட்டும் கணினி கேட்கும்: நீ யார், உன்னைச் செய்தவர் யார், உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்? அது சொல்லும். கணினி ஓர் இடத்தைக் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் அடுத்த கார்டு வாயைத் திறக்கும். இடமில்லை என்றால், "சும்மா இரு" என்று சொல்லவே தனியாக ஓர் உத்தரவு உண்டு.

இதைவிட நாகரிகமான ஏற்பாடு மனித குலத்தில் இல்லை என்பது முசியேவின் கட்சி. அதை அவர் அங்கன்வாடி போலியோ முகாமில் அமல்படுத்திப் பார்த்தார். எனக்குத் துணைக்கு என்று வந்தவர், முப்பது தாய்மார்கள் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்த்துத் தாங்க முடியாமல் நடுவில் போய் நின்றுவிட்டார்.

"ஒர்த்தர்தான் பேசணும்! மொத ஆளு சொல்லுங்க. புள்ள பேரு, ஊரு, எத்தினி சொட்டு?"

"யோவ் முசியே, எல்லாருக்கும் ரெண்டு சொட்டுதான்யா" என்றார் மீன்காரம்மா.

"அத அவங்கவங்க வாயால சொல்லணும்மா."

"என் புள்ளைக்கு வாய் இல்லியே, வயசு மூணு மாசம்."

"அப்ப நீ சும்மா இரு!"

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை எழுத முடியாது. சொட்டு மருந்து போட வந்த நர்ஸே அவரை வெளியே கொண்டுபோய் விட்டார். வரும் வழியெல்லாம் எனக்குத்தான் தலை தொங்கியது. அவர், "முறையில தப்பில்லம்மா, அவங்களுக்குப் பழக்கமில்ல" என்றார்.

இப்படிப்பட்டவரோடு எனக்கு என்ன ஒட்டு என்று நீங்கள் கேட்கலாம். என் மாமியார் கேட்டார், என் அம்மா போனில் கேட்டார். பதில் இதுதான்: மித்ரா தூங்க மாட்டாள். தொட்டில், தாலாட்டு, வசம்பு எதற்கும் மசியாதவள், அந்தக் கணினியின் மின்விசிறி ரொய்ங் என்று ஓட ஆரம்பித்தால் இரண்டு நிமிஷத்தில் கண்ணை மூடிவிடுவாள். தற்செயலாகத்தான் தெரிய வந்தது. அன்று முதல் காலை பதினொரு மணிக்கு நான் கீழே ஆஜர். சும்மா உட்காரவும் விட மாட்டார். கார்டின் விளக்கு கணினியின் முதுகுப் பக்கம், திரை முன்பக்கம், அவரோ ஒற்றை ஆள். "பச்ச எரியுதா பாரும்மா" என்பார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கணினியின் முதுகைப் பார்த்தபடி, "எரியுது முசியே, நின்னுடுச்சு முசியே" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எம்.சி.ஏ. அதற்காவது பயன்பட்டது.

ஒரு நாள் போனபோது விசிறி ஓடவில்லை. முசியே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பிரிண்ட் அவுட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கெர்னல்காரர்களிடமிருந்து வந்த கடிதம். கெர்னலை ஒழுங்குபடுத்துகிறார்களாம். யாரும் பயன்படுத்தாத டிரைவர்களை எடுத்துவிடப் போகிறார்கள். முசியேவின் டிரைவரும் பட்டியலில் இருந்தது. அதை எழுதியவரைத் தவிர வேறு ஒருவராவது உண்மையான கணினியில் சோதித்து, வேலை செய்கிறது என்று தன் பெயரோடு எழுதினால் விட்டுவைப்போம். இல்லையென்றால் அடுத்த பதிப்பில் இருக்காது. அதற்கு இன்னும் மூன்று வாரம்.

"எடுத்துட்டா என்ன முசியே, உங்க மெஷின்ல பழைய பதிப்பு ஓடிட்டுத்தானே இருக்கும்?" என்றேன் ஆறுதலாக.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால் என்ன, வீட்டில் இருக்கத்தானே போகிறது என்று நான் கேட்டுவிட்டது போல ஒரு வலி இருந்தது.

பிறகு மெதுவாக, "மதாம்" என்றார். அவர் என்னை மதாம் என்றால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "நீங்கதான் அந்த இன்னொர்த்தர்."

ராத்திரி சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். "இன்னான்னு எழுதணும்?" என்றார்.

"நான் சோதிச்சேன், வேலை செய்யுதுன்னு."

"செய்யுதா?"

"இன்னும் சோதிக்கல."

"சோதிச்சிட்டு எழுது. இதுக்கு ஏன் முழிக்கற?"

அவருக்கு எல்லாமே சுலபம். என் பெயரை உலகத்துக்கே தெரிகிற மாதிரி ஓரிடத்தில் எழுதுவது என்றால் சும்மாவா? கியாஸ் புக் பண்ணும்போதுகூட நம்பரை மூன்று தடவை சரிபார்க்கிறவள் நான்.

முசியே போட்ட விதி கடுமையாக இருந்தது. சோதனை நடக்கும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது. "நான் பக்கத்துல இருந்தா அது என் சோதன ஆயிடும்." ஆகவே நான் கீழே கணினியோடு, அவர் மாடியில் மித்ராவோடு. தேதியை நான் குறித்தேன்: விஜயதசமி காலை. புதிதாக ஒன்று தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது? கெர்னல்காரர்களுக்கு அவர் எழுதினார்: இங்கே கருவிகளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கும் பண்டிகை வருகிறது, மறுநாள் சோதனை. அவர்கள் என்ன நினைத்தார்களோ, "சரி" என்று பதில் வந்தது.

ஆயுத பூஜையன்று முசியே நல்ல நெட்வொர்க் ஒயர் தேடி டவுனுக்குப் போனார். சாவியை என்னிடம் கொடுத்து, "நீ பூச போடறதா இருந்தா போட்டுக்கம்மா. மேலாக்க தொடச்சி ஒரு பொட்டு வெய்யி" என்றார்.

மேலாகத் துடைக்க எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் தையல் மெஷினின் கடைசி ஸ்க்ரூ வரை கழற்றித் துடைத்துத்தான் பொட்டு வைப்போம். மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரே தூசி. கார்டுகளை ஒவ்வொன்றாக உருவி, அவர் செய்வது போலவே பற்களை ரப்பரால் தேய்த்து, வெள்ளைத் துணியால் ஒற்றி, வெளியே தெரியும் இரும்புப் பட்டையில் மட்டும் சந்தனம், நடுவில் குங்குமம். திருப்பிச் செருகும்போது ஒரு கண்ணுறுத்தல். நெட்டை, குட்டை, நடுவில் ஒரு காலி ஸ்லாட் என்று தாறுமாறாக இருந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற மாதிரி உயர வரிசையில், இடைவெளி இல்லாமல் அடுக்கினேன். பார்க்கவே நிறைவாக இருந்தது. ஊதுபத்தியைத் தள்ளித்தான் ஏற்றினேன்.

விஜயதசமி. முசியே மித்ராவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். நான் சாமியைக் கும்பிட்டுச் சுவிட்சைப் போட்டேன். திரையில் வரிகள் ஓடின. நெட்வொர்க் கார்டின் வரி வந்தது. அதோடு நின்றது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பச்சை விளக்கு எரியவில்லை.

மேலேயிருந்து குரல்: "அழுவுது!"

"துணிய மாத்துங்க முசியே!"

"துணி எந்த ஸ்லாட்டுல இருக்கு?"

"பீரோவுல, கீழ் தட்டு!"

சந்தனம் உள்ளே இறங்கிவிட்டதோ? துணியில் ஈரம் இருந்ததோ? இந்த மனிதரின் வாழ்நாள் உழைப்பைப் பொட்டு வைத்தே கொன்றுவிட்டேனோ? அணைத்தேன். மூடியைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது, வரிசையை மாற்றியிருக்கிறேன் என்று. நினைவிலிருந்து பழையபடி செருகினேன்: மெமரி முதலில், அடுத்தது காலி, பிறகு ஹார்ட் டிஸ்க், பிறகு திரை, கடைசியில் நெட்வொர்க். சுவிட்சைப் போட்டேன். வரிகள் ஓடின. பச்சை எரிந்தது. பெரிய கோப்பு ஒன்றை அங்கிருந்து, ஒயர் போட்டு இணைத்திருந்த முசியேவின் இன்னொரு சாதாரணக் கணினிக்கு அனுப்பி, அதன் எண்களை இரு பக்கமும் கூட்டி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. நாற்பது நிமிஷம் ஆனது. ஒத்துப்போனது.

தோளில் ஒரு துணியும் சட்டையில் ஈரமுமாக முசியே படியிறங்கி வந்தார். "என்னம்மா?"

"வேலை செஞ்சிது முசியே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மித்ராவின் துணியால். நான் என் பெயரைப் போட்டு இரண்டு வரி எழுதினேன். அவர் அனுப்பினார்.

முதல்தடவை நின்றுபோனதை நான் சொல்லவில்லை. கார்டை மாற்றி வைத்தது நான், ஆகவே தப்பு என்னுடையது, டிரைவருடையது அல்ல, என் தப்பை எதற்கு அவர் கணக்கில் எழுத வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அது தாங்கியது. மூன்றாம் நாள் அவரைக்காய் நறுக்கும்போது விழுந்துவிட்டது. யார் முதலில் இருந்தாலும், நீ யார் என்று கேட்டு இடம் கொடுப்பதுதானே அந்தக் கணினியின் வழக்கம்? அப்படியானால் எந்த வரிசையில் வைத்தாலும் ஓடியிருக்க வேண்டுமே. ஏன் ஓடவில்லை?

கணவரிடம் சொன்னேன். "ரெண்டாவது தடவ ஓடிச்சில்ல? நம்ம வண்டிகூட ரெண்டாவது ஒதைக்குத்தான் கெளம்புது. விடு" என்றார்.

விட முடியவில்லை. பதினொரு மணிக்குக் கீழே போய், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பொட்டு, உயர வரிசை, நின்றது, மாற்றியது, பொய் சொன்னது. சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. என்னைப் பார்த்து மித்ராவும் ஆரம்பித்தாள்.

முசியே என்னைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. "எந்த வரிசையில வெச்ச? காட்டு" என்றார். காட்டினேன். சுவிட்சைப் போட்டார். அதே இடத்தில் நின்றது. தன்னுடைய நிரலைத் திறந்து விரலால் வரி வரியாக இறங்கினார். ஒரு வரியில் விரல் நின்றது.

அந்தக் கார்டுக்குக் கணினி எந்த இடத்தைக் கொடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குப் பதில், அந்த இடத்தின் எண்ணைக் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அவர் கார்டுகளை ஒருநாளும் மாற்றி வைத்ததில்லை. ஆகவே அந்த எண்ணும் ஒருநாளும் மாறியதில்லை.

"போலியோ கேம்ப்புல முப்பது பொம்பளைங்கள கேட்டன்" என்றார் முசியே, திரையைப் பார்த்தபடி. "என் கார்ட நான் கேக்கலியே."

"சத்தமில்லாம சரி பண்ணி அனுப்பிடலாம் முசியே. யாருக்கும் தெரியாது" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"இல்லம்மா. மொதல்ல எழுதுவம்."

எழுதினார். சோதித்தவர் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருக்கிறார், பிழை என்னுடையது, முன்பு அனுப்பிய சான்றை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று. பெயரே தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து அதைப் படித்து, சரி, தூக்கிவிடு என்று சொல்லப்போகிறார் என்று நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் வந்தது. இந்த டிரைவருக்கு வந்த முதல் உருப்படியான சோதனை இதுதான், சரிசெய்யுங்கள், ஒரு வாரம் காத்திருக்கிறேன் என்று.

சரிசெய்ய அரை நாள்தான் ஆனது. வினை அதற்குப் பிறகுதான். முசியே காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நாலு கார்டு, ஐந்து ஸ்லாட். "நூத்தியிருவது வகையா வெக்கலாம். நூத்தியிருவதையும் பாத்துடுவம்."

எனக்கு மயக்கமே வந்தது. "காலி ஸ்லாட்டுக்குக் கணக்கே இல்ல முசியே. அதத் தாண்டி அடுத்த கார்டுக்குத்தானே போவும். நாலு கார்டோட வரிச மட்டும் பாத்தா போதும், இருபத்தி நாலு."

"அப்பிடித்தான் புஸ்தகத்துல போட்டிருக்கு. நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

"நானும் பாத்ததில்ல. நூத்தியிருவது."

ஆறு நாள். நாளைக்கு இருபது. அணை, கழற்று, மாற்று, செருகு, போடு, காத்திரு, பச்சை எரிகிறதா பார், எழுது. கார்டின் பின்பக்கத்து ஈய முனைகள் குத்திக் குத்தி, ரசச் சோறு பிசைந்தால் என் விரல்கள் எரிந்தன. கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, "எத்தினி ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, தானே தோசை ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்தார். அம்மா போன் செய்து, "ஏண்டி, குரல் ஏன் இப்படி கெடக்கு? ஒடம்புக்கு என்னா?" என்றார். "நாப்பத்தி ஒண்ணாவது போயிட்டிருக்கும்மா" என்றேன். அம்மா பயந்துபோய் மறுநாளே விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். வந்து பார்த்து, இதற்குப் பயமே பரவாயில்லை என்று திரும்பிப் போனார்.

அறுபத்து மூன்றாவது வரிசையின்போது நான் குனிந்து பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முசியே, "மதாம், அசையாதீங்க" என்று கிசுகிசுத்தார். ஷாக் அடிக்கப்போகிறது என்று உறைந்துபோனேன். பக்கத்தில் மித்ரா மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். முதல்முறை. யாரும் தூக்கி நிறுத்தவில்லை. மூன்று மூச்சு நேரம் நின்றாள், பொத்தென்று உட்கார்ந்தாள், எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

முசியே பேனாவை எடுத்துச் சோதனைத் தாளில் எழுதினார்: '63. ஓடியது. பச்சை எரிந்தது. மித்ரா நின்றாள்.'

அதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டி மற்ற நூற்றுப் பத்தொன்பது வரிகளோடு அனுப்பிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். கெர்னல்காரர் பதிலில் மாற்றம் ஏற்கப்பட்டது என்று ஒரு வரி, அறுபத்து மூன்றுக்கு வாழ்த்துகள் என்று ஒரு வரி. அந்த மாற்றத்தின் அடியில் பிழையைக் கண்டவர் என்று என் பெயர், சோதித்தவர் என்று மறுபடியும் என் பெயர், அதற்குக் கீழேதான் எழுதியவர் பெயர். அப்படித்தான் போட வேண்டும் என்று முசியே கேட்டு வாங்கியிருந்தார். அந்தப் பக்கம் இன்றைக்கும் இணையத்தில் இருக்கிறது. என் மார்க் ஷீட்டுகளைக்கூட நான் அத்தனை முறை எடுத்துப் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து முசியேவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. தங்கை பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். வைத்தியத்துக்கு மூன்று மாதம் என்று போனவர் இன்னும் வரவில்லை. பார்வை அவ்வளவாகத் திரும்பவில்லை. திரையைப் பார்க்கக் கூடாதாம். கணினியை என்னிடம் விட்டுப்போனார். இப்போது எங்கள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. முதல் வருஷம் மாதம் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்தான். அவனுக்கு எந்தச் சத்தமும் வேண்டாம், படுத்தால் தூங்குகிறவன். கடைசியாக எப்போது சுவிட்சைப் போட்டேன் என்று கேட்டால், ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கெர்னலில் மறுபடி ஒழுங்குபடுத்துகிறார்களாம். இது வேறு ஆள். எழுதியவரின் முகவரிக்குப் போட்டது திரும்பிவிட்டது, கடைசியாகச் சோதித்தவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது, இந்தக் கார்டை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா, இந்த மாதக் கடைசிக்குள் தெரிவிக்கவும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

ஆமாம் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால் டிரைவர் போய்விடும். போட்டுப் பார்த்து எழுதலாம். ஆனால் இத்தனை நாள் உப்புக் காற்றில் கிடந்தது ஓடாமல் போனால், ஓடவில்லை என்றும் எழுத வேண்டி வரும். அதை எழுதுகிற கை எனக்கு இல்லை. தினமும் பெருக்கும்போது அதன் மேல் துணியை விலக்கித் துடைக்கிறேன், மறுபடி மூடுகிறேன். துடைப்பது பயன்படுத்துவதில் சேருமா?

வாசகர்களே, உங்களில் விஷயம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர் என்று ஒருத்தி தன்னைச் சொல்லிக்கொள்ள, அதை எத்தனை நாளைக்கு ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும்? நான் சுவிட்சைப் போடட்டுமா, வேண்டாமா? போடச் சொல்கிறவர்கள், ஓடாவிட்டால் அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் உதவியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் போன் செய்வார். அவரிடம் எதையும் மறைக்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது.